வலப்பக்கத்துப் பலகை

மாட்டு வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றபோது மத்தியானம்தான். ஆவணி மாத மேகம் தெருவின் மேல் படுத்திருந்ததால் விளக்கு வைக்கும் நேரம் போல இருந்தது. நெசவாளர் முனிரத்தினம் முதலில் இறங்கி, தறிச் சாமான்களைத் தூறல் படாமல் கோணிப்பையால் மூடி உள்ளே கொண்டுபோனார். மனைவி தேவகி பாத்திர மூட்டையோடு பின்னால் போனாள். கடைசியாக இறங்கியவள் அவர்களுடைய ஒரே மகள் ஏலவார்குழலி. வயது பதினைந்து. இறங்கினாளே தவிர உள்ளே போகவில்லை. சாப்பாட்டு மணி அடித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன தை மாதம் வரைக்கும் அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மொழிப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, "தொறக்கிற வரைக்கும் வலப்பக்கம் வந்து உக்காரும்மா" என்றார் அப்பா. பள்ளிக்கூடம் திறந்தார்கள். அவளை எழுந்திருக்கச் சொல்லத்தான் யாரும் இல்லை.

கோர்வைப் புடவை ஒருவரால் நெய்யக்கூடியது அல்ல. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவர் உடலுக்கான குறுக்கு நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்டுவார். அவருக்கு வலப்பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து, கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். முனிரத்தினத்துக்கு மகளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

வீட்டின் கூடத்தில் தறி ஏற்கெனவே நின்றது. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது. குழிக்குள்ளிருந்து ஈர மண்ணும் பழைய கஞ்சியும் கலந்த நெடி வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. நனைந்து, ஆற்றாமல் முடிந்து வைத்த தலைமுடியின் வாடை.

தேவகி தறியின் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது. மிச்சப் பாவை விட்டுட்டுப் போய்க்கிறான்."

எந்த நெசவாளியும் செய்யாத காரியம் அது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசிச் சாண் நீளத்தை அறுக்காமல் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். அப்படித்தான் ஒரு வீட்டின் நூல் அறாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீடு மாறினால் மிச்சப் பாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். அதை விட்டுப் போகவும் மாட்டார்கள், அடுத்தவருடையதைத் தொடவும் மாட்டார்கள்.

எதிர்வீட்டு ரேணுகாம்பாள் ஒரு சொம்பு மோரோடு வந்தாள். வந்தவளுக்குப் பேச்சு தாராளம்.

"நல்ல மனுசன்தாம்மா இருந்தாரு. தனி ஆளு. பொண்டாட்டி புள்ள யாருங்கிடையாது. ஒரு நாளு காலைல கதவ சாத்தினாரு, பஸ்ஸ்டாண்டு பக்கம் போனாரு, அவ்ளோதான். துணி மூட்டகூட எடுக்கல."

"தனி ஆளுன்னா வெறும் புடவதான் நெய்வாரு?" என்று தேவகி கேட்டாள்.

"அதான் சொல்ல வந்தேன். நெய்யறது பூராவும் கோர்வப் புடவ." ரேணுகாம்பாள் சொம்பைக் கீழே வைத்தாள். "வலப்பக்கம் யாரு உக்காந்தாங்கன்னு நாங்க யாரும் கேக்கல. கேக்கணும்னு தோணல."

குழலி அந்தப் பலகையைப் பார்த்தாள். நடுவில் வழவழப்பாகத் தேய்ந்து, லேசாகக் குழிந்திருந்தது.

குழலியைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் பிள்ளையார்பாளையத்தை விட்டு வந்ததே அதனால்தான்.

அவள் பிணைத்த இழை அறாது. அதனால் தெருவில் பாதிப் பேர் பாவு பிணைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நூல் மட்டும் அல்ல. பிணைக்கும்போது அவள் மனசில் ஓடுவதும் சேர்ந்து முடிந்துகொள்ளும். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் காலில் பட்டு நூலைச் சுற்றி, "நீ இங்கியே இரு" என்று விளையாட்டாகச் சொன்னாள். ஆட்டுக்குட்டி அங்கேயே நின்றது. மழையில் நின்றது. தழையைக் காட்டினாலும் அசையவில்லை. தூக்கிக்கொண்டு போனாலும் இறக்கிவிட்டதும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. கடைசியில் அங்கேயே செத்தும் போனது. அதற்குப் பிறகு பெண்கள் அவளைச் சூனியக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

தேவகி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பிணைக்கும்போது மகள் எதையும் நினைக்காமல் இருக்க வாய்ப்பாடு சொல்லவேண்டும். சத்தமாக, நிறுத்தாமல்.

அவர்களுடைய சொந்த மிச்சப் பாவை மறுநாள் பிரித்தபோது எலி கடித்துக் குதறியிருந்தது.

முனிரத்தினம் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கல்யாணப் புடவை. ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டும். புதிதாக ஒவ்வொரு இழையாகத் தறியின் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோத்து எடுப்பதென்றால் நாள் போய்விடும்.

"இதுலியே பிணைச்சிடலாம்" என்றார், தறியில் தொங்கியதைக் காட்டி.

"ஊர் பேர் தெரியாதவன் மிச்சத்துல நம்ம பாவையா?" என்றாள் தேவகி.

"நூலுக்கு இன்னா ஊரு, இன்னா பேரு? குழலி, சாம்பல் எடுத்துக்கினு வா."

அவள் உட்கார்ந்தாள். அரக்கு நிறப் பட்டு. பழைய இழையின் நுனி, புது இழையின் நுனி, சாம்பல், ஒரு முறுக்கு. விரல்கள் தானாக ஓடின. வாய் வாய்ப்பாடு சொன்னது. ஓராறு ஆறு, ஈராறு பன்னெண்டு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் அடிக்கும் சத்தத்தில் தன் குரலே அவளுக்கு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்வது போலக் கேட்டது. ஜன்னலோர பெஞ்சு. பக்கத்தில் தோழி திரிசலா, வாய்ப்பாட்டுக்கு நடுவே கிள்ளுவாள். சாக்பீஸ் வாசனை.

வாய் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மனசு வேறு சொன்னது.

என் எடத்துல வேற யாராச்சும் உக்காரட்டும்.

எத்தனை இழையில் அது முடிந்துகொண்டது என்று அவளுக்குத் தெரியாது. திடுக்கிட்டு நிமிர்ந்தபோது பாவு முழுவதும் பிணைத்தாகிவிட்டிருந்தது. விரல் நுனியில் சாம்பல் ஈரமாக இருந்தது. அவள் தண்ணீரைத் தொட்டிருக்கவில்லை.

*

நான்கைந்து நாள் ஒன்றும் இல்லை. அப்பா நெய்தார், அவள் கரை நாடாவைத் தள்ளினாள். பலகை மட்டும் உட்காரும்போதெல்லாம் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போல.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. மிதியின் தட்டல். உடல் நாடாவின் ஓட்டம். அதற்குப் பின்னால், அதை ஒட்டி, இன்னொரு சின்ன ஓட்டம்.

கரை நாடா.

முகத்தைத் துடைக்காமலே அவள் பின்கதவு வரை போனாள். அப்பாவின் முதுகு தெரிந்தது. வலப்பக்கம் தூண் மறைத்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடித்தான். கை நல்லா பழகிடுச்சிமா உனக்கு. இன்னைக்கு வேலைல மனசு நிக்குது."

அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

பயந்திருக்கவேண்டும். ஆனால் பதினைந்து வயதில் பயத்தை விட வேறொன்று வேகமாக வந்தது. அவள் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து, கொடியிலிருந்த தாவணியை எடுத்துக்கொண்டு, கொல்லை வழியாகத் தெருவுக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினாள்.

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்பாவை அழைச்சிட்டு வா. அது வரைக்கும் போய் உட்காரு."

ஜன்னலோர பெஞ்சில் திரிசலா நகர்ந்து இடம் கொடுத்தாள். குழலி குடிவந்த வீட்டின் சொந்தக்காரர் தர்மசந்திரனின் மகள் அவள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நடந்து வருகிறவள்.

"எங்கப்பா வூட்ட வாங்கிக்கினு எங்க பெஞ்சுக்கும் வந்துட்டியாடி" என்று கிள்ளினாள்.

"வாடகைக்குத்தான்டி வந்துக்கிறோம்."

"பெஞ்சுக்கு வாடகை தினம் ஒரு நெல்லிக்கா. முன்கூட்டியே குடு."

அந்த ஆவணி, புரட்டாசி அவளுக்குத் திருவிழா மாதிரி போனது. காலையில் அப்பா குழிக்குள் இறங்கியதும் அவள் கொல்லை வழியாகக் கிளம்புவாள். சாயங்காலம் திரும்பும்போது புடவை வளர்ந்திருக்கும். கோர்வை அவ்வளவு நேர்த்தி. அரக்கும் பச்சையும் சேருமிடத்தில் ஒரு பல் கூடப் பிசகவில்லை. "நம்ம பொண்ணுக்கு இப்பத்தான் புத்தி வந்துக்குது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். குழலி மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். வீட்டில் தனக்கென்று கால் வைக்க ஓர் இடம் இல்லாதது போல இருந்தது.

முதலில் ரேணுகாம்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைத் தெருவில் நிறுத்தி, "யாரு பொண்ணுமா நீ? முனிரத்தினம் வூட்டுக்கு வந்தியா? குழலி தறில உக்காந்துக்கினு இருக்குது பாரு, உள்ள போ" என்றாள்.

வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள் குழலி.

ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலைச் சாப்பாடு. தேவகி மூன்று தட்டு வைத்தாள். ஒன்று கணவருக்கு, ஒன்று தனக்கு. மூன்றாவதைத் தறிக்குப் பக்கத்தில், வலப்பக்கத்துப் பலகைக்கு எதிரில் வைத்தாள். குழலி அடுப்படியில் கை கழுவிவிட்டு நின்றாள்.

"அம்மா, எனக்கு?"

தேவகி திரும்பினாள். கண்களைச் சுருக்கி, வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"யாரு வேணும்மா?"

மழை ஓட்டில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"அம்மா, நாந்தாம்மா."

"பாவம், யார் வூட்டுப் பொண்ணோ. நனைஞ்சிட்டுது" என்று தேவகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தறிப் பக்கம் திரும்பினாள். குரல் குழைந்தது. "குழலி, சாப்பிட்டு உக்காருடி கண்ணு."

பலகையில் யாரும் இல்லை.

தட்டில் சோறு குறைந்துகொண்டு வந்தது.

*

அன்று முழுவதும் குழலி கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இரண்டு தடவை தண்ணீர் எடுக்க வந்தாள். இரண்டு தடவையும் அவளைச் சுற்றிக்கொண்டு போனாள், பார்க்காமல்.

மறுநாளும் மழை. ஐப்பசி பிறந்துவிட்டது. தறிக்குழியில் ஊற்று எடுக்க ஆரம்பித்திருந்தது. மற்ற வீடுகளில் தறியை நிறுத்திவிட்டார்கள். முனிரத்தினம் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை போலிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்வை பாவு நூலை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் வலப்பக்கம் திரும்பிச் சிரித்தது.

குழலி தரையில் முழங்காலிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மங்கலாக இருந்தது. கணுக்கால் வரை தண்ணீர். அப்பாவின் இரண்டு கால்கள் மிதியின் மேல் ஏறி இறங்கின.

அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள்.

தண்ணீரில் ஊறி வெளுத்த கால்கள். இடது காலின் மேல் நீளமாக ஒரு தழும்பு. கஞ்சிச் சட்டி கவிழ்ந்து சுட்ட தழும்பு. அது எப்போது சுட்டது, யார் அழுதது, அம்மா எந்த எண்ணெய் தடவினாள் என்று எல்லாம் குழலிக்குத் தெரியும்.

அது அவளுடைய கால்.

அவள் தன் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கால் வழவழவென்று, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது.

தப்பி ஓடவேண்டும் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? இந்த வீட்டுப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். ஓடுகிறவள் யார்?

தறிக்கு அப்பால் கரைப் பாவின் இழைகள் வலப்பக்கம் நீண்டிருந்தன. அவள் குனிந்து, ஒரு பச்சை இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

தறி நின்றது.

"குழலி, அறுந்துட்டுது பாரு" என்றார் அப்பா, எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன அதே குரலில். "பிணைம்மா."

வலப்பக்கத்தில் எதுவும் அசையவில்லை. அது காத்திருந்தது. அதற்கு நாடா தள்ளத் தெரியும். பிணைக்கத் தெரியாது போலும்.

"பிணைம்மா" என்றார் அப்பா மறுபடியும்.

குழலி பலகையின் மேல் உட்கார்ந்தாள்.

ஈரத் துணி மூட்டைக்குள் உடம்பைத் திணிப்பது போல இருந்தது. மூக்கு முழுவதும் அந்தத் தலைமுடி வாடை. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். சாம்பல் சட்டியில் விரலை வைத்தபோது, தன் விரலுக்கு அடியில் ஏற்கெனவே நான்கு விரல்கள் இருப்பது தெரிந்தது. அவள் விடவில்லை. அறுந்த நுனி இரண்டையும் பிடித்தாள். இந்தத் தடவை வாய்ப்பாடு சொல்லவில்லை. ஜன்னலோர பெஞ்சு நினைவில் வந்தது. அதைத் தள்ளினாள். நினைக்கவேண்டியதை மட்டும் நினைத்து, முறுக்கினாள்.

நான் இங்கியே இருக்கணும்.

முறுக்கு விழுந்தது. வலப்பக்கத்துக் குளிர் மெல்ல விலகி, தரையில் தண்ணீர் சொட்டியபடி கொல்லைப் பக்கம் போயிற்று.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். வெகுநாள் கழித்துப் பார்ப்பது போல.

"இன்னாமா, மூஞ்சி வெளுத்துப் போச்சி? மழைல நனைஞ்சியா?" என்றார். பிறகு இருமினார். "தேவகி, தறிய நிறுத்தறேன். கால் மரத்துப் போச்சி."

தேவகி ஓடி வந்து மகளின் தலையைத் துவட்டினாள். "எங்கடி போய்ட்ட? காலைலேர்ந்து வூடு வெறிச்னு இருந்துது" என்றாள். குழலி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

*

புடவையை முகூர்த்தத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. முனிரத்தினத்தின் கன்னம் தேறியது. ரேணுகாம்பாள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மிச்சப் பாவு, நெய்த துணியைச் சுற்றும் படமரத்தின் உள்சுற்றிலிருந்து வெளியே வந்ததும் அதை அறுத்து, அப்பாவே ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்று வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்தார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலில் தழும்பு மட்டும் திரும்பி வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மாலை. வெயில் போகவில்லை. அடுத்த புடவை தறியில் இருந்தது. குழலி பலகையில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். வாசல் நிழலாடியது. திரிசலா, புத்தகக் கட்டோடு.

"இன்னாடி இது, எனக்கு முன்னால ஓடியாந்து உக்காந்துக்கினியா?"

"எங்கேர்ந்து?"

"எங்கேர்ந்தாம். நாள் பூரா பக்கத்துல உக்காந்துக்கினு ஒரு வார்த்தை பேச மாட்டற. கிள்ளினாலும் திரும்ப மாட்டற. எங்கிட்ட எதுனாச்சும் கோவமா உனக்கு?"

நாடா குழலியின் கையிலேயே நின்றது. அவள் பள்ளிக்கூடம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"அது மட்டுமா. இதப் பாரு, இன்னா பண்ணி வெச்சிக்கிறன்னு." திரிசலா தாவணியின் முந்தியை நீட்டினாள். ஓரத்து நூல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் அரக்கு நிற இழை சேர்த்து முறுக்கியிருந்தது. முறுக்கில் சாம்பல். "கணக்கு டீச்சர் வகுப்புல கீழ குனிஞ்சிக்கினு இதத்தான் செஞ்சிக்கினு இருந்த. புடிச்சி இழுத்தாலும் வரல. எங்கம்மா பார்த்தா தோல உரிச்சிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "எங்கம்மா பார்த்தாத்தான. காலைல சாப்பிட உக்காந்தா, 'யாரு வேணும்மா'ன்னு கேக்குது என்னை. தூக்கக் கலக்கம் போல."

யார் பிணைக்கக் கற்றுக்கொடுத்தது என்று குழலிக்குத் தெரிந்தது. அன்று சாம்பல் சட்டியில் பட்ட அந்த நான்கு விரல்கள், அவள் முறுக்கி முடிக்கும் வரை அவள் விரலை விட்டு விலகவே இல்லை.

"திரிசலா, அங்கியே நில்லு. அத அறுக்கணும். இரு, நான் வரேன்."

அவள் எழுந்தாள்.

எழவில்லை. கால் குழிக்குள்ளேயே இருந்தது. பலகையில் இரண்டு கையையும் ஊன்றி உந்தினாள். உடம்பு அசையவில்லை. காலை முதல் இரவு வரை தான் எத்தனை தடவை எழுந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அப்பா கையைப் பிடித்து எழுப்பினால் எழுந்தாள். அம்மா சாப்பிட அழைத்துக்கொண்டு போனால் போனாள். விட்டதும் திரும்பி வந்து இங்கேயே உட்கார்ந்தாள்.

மழையில் நின்ற ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது.

"நைனா" என்றாள். "திரிசலாவ உள்ள கூப்டு. போவ விடாத."

முனிரத்தினம் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

"வாசல்ல யாருமா இருக்காங்க? ஒருத்தருங் காணோமே."

திரிசலா அதற்குள் தெருப் பக்கம் திரும்பியிருந்தாள். முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. தறியையும் பார்த்தாள், தெருவையும் பார்த்தாள்.

"இதோ வரேன்டி" என்றாள், தெருவில் நின்ற யாருக்கோ.

ஈரக் கால்களின் சத்தம் காய்ந்த தெருவில் அவளோடு சேர்ந்து நடந்தது. அப்பா மிதியை அழுத்தினார். நாடா வந்தது. குழலியின் கை அதைப் பிடித்தது.